நியூட்ரலை ஏன் எர்த் செய்கிறார்கள்?

தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரம் 433 வோல்ட்டாகக் குறைந்து, மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு கம்பிகளில் வீடுகளுக்குக் கிளம்புகிறது. மூன்று சுருள்களின் முனைகள் கூடுமிடம்தான் நியூட்ரல். அங்கிருந்து ஓர் இரும்புப் பட்டை கம்பத்தோடு இறங்கி மண்ணுக்குள் போவதைப் பார்க்கலாம். இப்படித் தனித்தனி இணைப்புகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்றன, 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். இதில் நியாயமான ஒரு கேள்வி எழும். பேஸ் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிப்பதே, மின்சாரம் உடல் வழியே மண்ணில் இறங்கி, அந்தப் பட்டை வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப முடிவதால்தான். பட்டையைக் கழற்றிவிட்டால் திரும்ப வழியில்லை, ஷாக்கும் இருக்காதே?

காகிதத்தில் இது சரி. தெருவில் சரிவராது. ஒரு வீட்டு மோட்டாரில் இன்சுலேஷன் போய் ஒரு பேஸ் மண்ணைத் தொடுகிறது என்று வையுங்கள். பெரிய மின்னோட்டம் ஓடாததால் எந்த பியூஸும் போகாது, விளக்கும் வழக்கம்போல் எரியும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நொடியிலிருந்து மற்ற இரண்டு பேஸ்களும் மண்ணுக்கு எதிராக 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டில் நிற்கும். நாலு தெரு தள்ளி யாராவது அதில் கை வைத்தால், முன்பைவிடப் பலத்த அடி. பழுது வராவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. நீண்ட கம்பிகளும் மண்ணும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர்போல இருப்பதால் அதன் வழியாகவும் மின்சாரம் திரும்பும். இதைவிட மோசம், 11,000 வோல்ட் கம்பி அறுந்து கீழ்க்கம்பியில் விழுவது. நியூட்ரல் மண்ணில் ஊன்றியிருந்தால் பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து மேல்லைன் துண்டிக்கப்படும். இல்லையென்றால் வீட்டு வயரிங் முழுவதும் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

நார்வேயில் எர்த் செய்யாத நியூட்ரலோடு ஊர்களே ஓடுகின்றனவே, ஆபரேஷன் தியேட்டர்களிலும் அப்படித்தானே என்று கேட்கலாம். உண்மைதான். தியேட்டரில் முதல் பழுதுக்கே மின்சாரம் நின்றுவிடக் கூடாது என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் அங்கே இன்சுலேஷனை ஒரு கருவி இடைவிடாமல் கண்காணிக்கிறது; அலாரம் அடித்ததும் பழுதைத் தேட ஆள் இருக்கிறது. பம்புசெட்டும் கிரைண்டருமாகப் பரந்து கிடக்கும் நம் லைனில் அந்தத் தேடலை யார் செய்வது? பழுது தானாகவே வெளிப்பட்டாக வேண்டும். நியூட்ரலை எர்த் செய்வதன் சாரம் இதுதான் என்பேன்.

அதற்காக எர்த் மட்டும் போதும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வீட்டு எர்த் 20 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 2 ஓம் என்றால், பழுதில் ஓடுவது சுமார் 10 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, கிரைண்டரின் உடம்பு மின்னேறியே இருக்கும். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டின் எர்த் பின்னை நியூட்ரலோடு முறுக்கிவிடுவார்கள். இது ஆபத்து: நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தச் சாதனத்தின் உடம்பு முழுக்க பேஸ் வந்துவிடும். சரியான துணை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போன மின்சாரமும் திரும்பியதும் ஒத்துப்போகாவிட்டால் அது துண்டிக்கும். கசிந்தது மண் வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பினால்தானே அந்த வித்தியாசம் தெரியும்? ஆர்சிசிபி இருப்பவர்கள் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.