நடராஜனின் 230 பந்துகள்: ஓய்வு என்பது என்ன கணக்கு?

2021 பிப்ரவரியில் ஒரு சின்னச் செய்தி வந்தது. விஜய் ஹசாரே கோப்பைக்கான தமிழ்நாடு அணியிலிருந்து டி. நடராஜனை விடுவிக்கிறார்கள், இங்கிலாந்து தொடருக்கு அவர் களைப்பில்லாமல் இருக்கணும்னு இந்திய அணி நிர்வாகம் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர், அதுக்கு ஒரு மாசம் முன்னாடி கப்பாவில் டெஸ்ட் ஆடி ஊரே தேரில் வைத்து இழுத்த ஆள், இப்போது ‘ஓய்வு கொடுத்துப் பாதுகாக்கப்பட வேண்டியவர்’ பட்டியலில். நம்ம பக்கத்துக்காரருக்கு இது பெரிய மரியாதைன்னு கோயமுத்தூர்ல பலரும் பேசிக்கிட்டாங்க.

ஏப்ரல் 27 அன்று அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியாவுக்காக அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

ஓய்வு கொடுத்ததாலதான் காயம் வந்துச்சுன்னு நான் சொல்ல வரலைங்க. ஒரு ஆளோட முழங்காலுக்கு என்ன காரணம்னு ஸ்கோர்கார்டை வச்சு யாரும் சொல்ல முடியாது. ஆனா ‘ஓய்வு’ங்கிற வார்த்தையை விளையாட்டு விஞ்ஞானம் எப்படிக் கணக்குப் போடுதுன்னு புரிஞ்சுக்க இதைவிடப் பொருத்தமான கதை நம்ம ஊர்ப் பக்கம் கிடைக்காது. எண்கள் எல்லாம் பொதுவெளியில் இருக்கு. எடுத்து அடுக்கிப் பார்ப்போம்.

2020 ஐபிஎல் அமீரகத்தில் நடந்தது. நடராஜன் ஹைதராபாத்துக்காக 16 மேட்ச், 16 விக்கெட். ஒரு மேட்சுக்கு அதிகபட்சம் 4 ஓவர். ஏழு வாரத்தில் 64 ஓவருக்கு மேல் போக வாய்ப்பே இல்லை. நவம்பர் 8-இல் ஹைதராபாத் வெளியேறியது. அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியா, அதுவும் நெட் பவுலராக. டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் போட்டி, 10 ஓவர். டிசம்பர் 4, 6, 8 என மூன்று டி20, தலா 4 ஓவர். ஆக 22 ஓவர். அடுத்த 38 நாளுக்கு எந்த சர்வதேச மேட்சும் இல்லை. வலையில் பந்து போட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குள் இந்திய அணி ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. ஷமிக்கு மணிக்கட்டு, உமேஷுக்குக் கெண்டைக்கால், பும்ராவுக்கு வயிற்றுத் தசை, அஸ்வினுக்கு முதுகு, ஜடேஜாவுக்குக் கட்டைவிரல். ஜனவரி 15, பிரிஸ்பேன். நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்ட் அறிமுகம். முதல் இன்னிங்ஸில் நடராஜன் 24.2 ஓவர், 78 ரன், 3 விக்கெட். இரண்டாவதில் 14 ஓவர். கூட்டினால் 38.2 ஓவர், பந்துக் கணக்கில் 230.

ஒரு டி20-க்கு 24 பந்து. ஒன்பதரை டி20 மேட்சுக்கான பந்துவீச்சை நாலே நாளில் போட்டிருக்கிறார். 2019-20 ரஞ்சி சீசன் மார்ச்சில் முடிந்தது, கோவிட் காரணமாக 2020-21 ரஞ்சி நடக்கவே இல்லை. ஆக, குறைந்தது பத்து மாசமாக அவர் நாலு நாள் ஆட்டம் எதையும் பார்க்கவில்லை.

அதே மேட்சில் நவ்தீப் சைனியும் தொடை இடுக்கில் அடிபட்டு முதல் இன்னிங்ஸில் 7.5 ஓவரோடு நின்றுவிட்டார். மீதி ஓவர்கள் எங்கே போகும்? மற்ற நாலு பேர் தலையில்தான். நாலு சர்வரில் ஒன்று விழுந்தால் டிராஃபிக் குறையாது, மீதி மூன்றும் சேர்த்துச் சுமக்கணும். ஒருத்தருடைய ஓய்வு இன்னொருத்தருடைய சுமை என்பதைப் பேச்சுவாக்கில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சர்வர்னு சொன்னதும் அந்த உதாரணத்தையே பிடிச்சுக்கிறேன். லினக்ஸில் ‘லோட் ஆவரேஜ்’ என்று மூன்று எண்கள் காட்டும்: கடைசி 1 நிமிஷம், 5 நிமிஷம், 15 நிமிஷச் சராசரி. முதல் எண் மட்டும் பெரிசா இருந்தா நாங்க பயப்பட மாட்டோம். முதல் எண் மூன்றாவதைவிட ரொம்பப் பெரிசா இருந்தாத்தான் எழுந்து உட்காருவோம். பழகிய சுமைக்கும் இப்போதைய சுமைக்கும் இடையில் உள்ள தாவல்தான் அபாயம்.

விளையாட்டில் இதையேதான் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் டிம் காபெட் ரக்பி லீக் வீரர்களை வைத்து ஆய்வு தொடங்கியவர். கடைசி 7 நாள் சுமையைக் கடைசி 28 நாளின் வாரச் சராசரியால் வகுப்பது அவர் பிரபலப்படுத்திய முறை. 0.8-லிருந்து 1.3 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 2014-இல் ஹுலின், காபெட் குழு கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களிடமும் இதைப் பார்த்தது: திடீர்த் தாவல் வந்த வாரத்துக்கு அடுத்த வாரம் காயம் கூடுகிறது. அதற்கு முன் 2009-இல் ஜான் ஆர்ச்சர்ட் குழு இன்னொன்று கண்டிருந்தது. ஒரே மேட்சில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று வாரம் வரை காயத்தின் வாய்ப்பு கூடுதல். சுமை ஒரு நாள், பில் வருவது மூன்று வாரம் கழித்து.

ஏன் இவ்வளவு தாமதம்? தசை சில நாளில் தேறிவிடும். தசைநாண் வாரக்கணக்கில். எலும்பு மாசக்கணக்கில். வேகப்பந்து வீசும்போது முன்னங்கால் தரையில் ஊன்றும் அந்த நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முழங்கால் வழியா இடுப்பு எலும்புக்கு ஏறுது. ‘உடம்பு சரியாயிடுச்சு, வலி இல்லை’ன்னு பவுலர் சொல்றது தசையோட பேச்சு. எலும்புகிட்ட யாரும் கேட்கலை.

இப்போ கணக்கு. நடராஜன் வலையில் எத்தனை பந்து போட்டார் என்பது பொதுப் பதிவில் இல்லை, அதனால் ஒரு கற்பனை பவுலரை எடுப்போம். வாரம் 120 பந்து, மூன்று வாரம். நாலாவது வாரம் கப்பா மாதிரி 230. நாலு வாரச் சராசரி 147.5. விகிதம் 1.56, சிவப்பு விளக்கு. சரி.

இன்னொரு பவுலர். முதல் வாரம் 120. அடுத்த இரண்டு வாரம் ‘ஓய்வு’, பூஜ்யம். நாலாவது வாரம் அதே பழைய 120. சராசரி 60, விகிதம் 2.0. கப்பாவில் உழைத்தவரைவிட மோசமான எண்! ஒரு பந்து கூடுதலாகப் போடவில்லை, நடுவில் சும்மா இருந்தார், அவ்வளவுதான். வெறும் ஓய்வு பழக்கத்தையும் சேர்த்துக் கரைக்கிறது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் ‘மேட்ச் ஓய்வு’ கொடுப்பார்கள், ஆனால் வலையில் எண்ணி எண்ணிப் பந்து போட வைப்பார்கள்.

இந்த விகிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மேலே உள்ள 230, சராசரிக்குள்ளேயும் சேர்ந்திருக்கிறது பாருங்கள். அதை விலக்கி முந்தைய மூன்று வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் 1.92 வரும். எந்தச் சூத்திரம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. இம்பெல்லிசெரி போன்ற ஆய்வாளர்கள் 2020 வாக்கில் இந்த முறையை அடித்தளத்திலேயே கேள்வி கேட்டார்கள்: விகிதத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு தெரியலாம், விகிதத்தைக் குறைத்தால் காயம் குறையும் என்பது நிரூபிக்கப்படவில்லை. என்னைக் கேட்டால், டாஷ்போர்டில் ஒரு எண்ணாக வைக்கலாம், முடிவெடுக்கும் அதிகாரியாக வைக்கக் கூடாது.

நடராஜனுக்கு வருவோம். ஜனவரி 19-இல் கப்பா வெற்றி. அடுத்த மேட்ச் மார்ச் 20, இங்கிலாந்துக்கு எதிரான கடைசி டி20. இடையில் 60 நாள். அதில் ஒரு பகுதி முழங்கால், தோள் பிரச்சினைகளுக்காகப் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் போனது. அதாவது வெளியே ஓய்வு என்று தெரிந்ததில் பாதி சிகிச்சை. மார்ச் 28 புனேயில் 10 ஓவர், கடைசி ஓவரில் சாம் கரனுக்கு எதிராக 14 ரன்னைக் காப்பாற்றினார். ஏப்ரலில் சென்னையில் ஐபிஎல் இரண்டு மேட்ச். அப்புறம் முழங்கால்.

இந்த இடத்தில் ரக்பியின் பிரபலமான கதை ஒன்று. 2007 உலகக் கோப்பைக்கு முன் நியூசிலாந்துப் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி தன் 22 முக்கிய வீரர்களை சூப்பர் 14 தொடரின் முதல் ஏழு சுற்றிலிருந்து இழுத்துக்கொண்டார். உடலை மறுபடி கட்டுவதற்கு. ரசிகர்கள், டிவிக்காரர்கள் எல்லோருக்கும் கோபம். அக்டோபர் 6, கார்டிஃப், காலிறுதியில் பிரான்ஸிடம் 18-20 தோல்வி. ஓய்வுதான் கெடுத்தது என்று ஊரே திட்டியது. அதே ஹென்றி, 2011-இல் அதே பிரான்ஸை 8-7 என வென்று கோப்பை வாங்கினார்.

நம்ம பக்கமும் இதே குழப்பம்தான். 2021-இல் ஐபிஎல் முடிந்த 9 நாளில் டி20 உலகக் கோப்பை. பாகிஸ்தானிடம் 10 விக்கெட் தோல்வி. 2023-இல் ஐபிஎல் முடிந்த ஒரு வாரத்தில் லண்டனில் உலக டெஸ்ட் இறுதிப்போட்டி. 209 ரன் தோல்வி. தயாராக 20-25 நாளாவது வேணும்னு ரோஹித் அப்புறம் சொன்னார். ஆனால் 2024-லும் ஐபிஎல் முடிந்த கையோடுதான் உலகக் கோப்பை, அதை ஜெயிச்சுட்டோம். ஒரு கோப்பையை வைத்து ஓய்வுத் திட்டம் சரியா தப்பான்னு சொல்ல முடியாதுங்க, மாதிரி ரொம்பச் சின்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓய்வுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

அயர்லாந்தில் முக்கிய ரக்பி வீரர்கள் நேரடியாகத் தேசிய சங்கத்தின் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். மாகாண அணிக்கு எத்தனை மேட்ச் ஆடலாம் என்பதில் சங்கத்தின் கை ஓங்கும், சம்பளம் தருவது அதுதானே. மிட்செல் ஸ்டார்க் 2015-க்குப் பிறகு 2024 வரை ஐபிஎல்லில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஆஸ்திரேலிய ஒப்பந்தம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது முடியும். பும்ரா 2025 இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவானது. சிராஜ் ஐந்தும் ஆடி 185.3 ஓவர் வீசினார். ஓவலில் 6 ரன்னில் ஜெயித்ததும் ‘இவருக்கு மட்டும் ஓய்வு வேணாமா, அவருக்கு மட்டும் ஏன்’னு சண்டை. இருவர் உடம்பும் ஒன்றல்ல. பும்ராவுக்கு 2023-இல் முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது.

நடராஜனின் அப்பா நெசவுக் கூலி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். சின்னப்பம்பட்டி, தாரமங்கலம் பக்கம் தறி ஓடாத நாள் என்றால் கூலி இல்லாத நாள். அந்த வீட்டிலிருந்து 29 வயதில் டெஸ்ட் தொப்பி வாங்கிய ஒருவர், ‘இன்னும் நாலு வாரம் கொடுங்க சார்’ என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். 2021 ஏப்ரல் மத்தியில் வாரியத்தின் வருடாந்திர ஒப்பந்தப் பட்டியல் வெளியானது. சிராஜ், வாஷிங்டன் பெயர்கள் ஒரு கோடி ரூபாய் பிரிவில் இருந்தன. நடராஜன் பெயர் இல்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு டி20 ஆடியிருந்தார்; தகுதிக்கான மேட்ச் எண்ணிக்கை எட்டவில்லை. பிப்ரவரியில் நாட்டுக்காக மாநில ஆட்டத்தை விடச் சொன்ன அமைப்பு, இரண்டு மாசம் கழித்துப் போட்ட ஒப்பந்தப் பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை. விதிப்படி சரிதான். ஆனால் ஓய்வைக் கட்டளையிடுபவர் அந்த ஓய்வின் செலவையும் ஏற்க வேண்டும் என்று ஒரு விதி இருந்திருக்கலாம்.

2023 ஜனவரியில் வாரியம், உலகக் கோப்பைக்கான 20 வீரர்களை ஐபிஎல் அணிகளோடு சேர்ந்து அகாடமி கண்காணிக்கும் என்று அறிவித்தது. கண்காணிப்பு நல்லது. ஆனால் அது 20 பேருக்கு. நெட் பவுலராகப் போகிற இருபத்தோராவது ஆளின் பந்துகளை யார் எண்ணுவது?

நடராஜன் ஐபிஎல்லுக்குத் திரும்பி வந்தார். 2022-இல் 11 மேட்சில் 18 விக்கெட், 2024-இல் 19. டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. சின்னப்பம்பட்டியில் அவர் சொந்தமாகக் கட்டிய மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. அங்கே பந்து போடுகிற பையன்களுக்கு யாராவது ஒரு நோட்டில் தினமும் எத்தனை பந்து என்று எழுதி வைத்தால் போதும், செலவு ஒரு பேனா. அடுத்த பதிவில் அந்த நோட்டை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வாராந்திர விகிதம் எடுப்பது எப்படின்னு படிப்படியா எழுதுறேன். பள்ளிக்கூட கோச்சுகள் யாராவது கேட்டால் ஃபைலையும் அனுப்புறேன்.