படத்தில் தெரியாத ஆண்டுகள்

வீட்டை விற்க வரும் காணொளிகளில் இப்போது வீடு கடைசியில்தான் வருகிறது. முதலில் தோ பாயோவின் டிராகன் விளையாட்டு மைதானம். பிறகு காலை வெயிலில் ஆவி பறக்கும் கோப்பி. அடுத்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடக்கும் பேத்தி. பின்னணியில் மெல்லிய பியானோ. இத்தனைக்கும் பிறகு கதவு திறக்கும்போது, உள்ளே எத்தனை அறை என்று தெரியுமுன்பே அந்த வீடு நமக்குப் பிடித்துப்போகிறது.

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. பொருளைக் காட்டாதே, அதோடு வாழும் வாழ்க்கையைக் காட்டு என்பது ஊடகப் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் பாடம். வானொலியில் நாங்கள் அதை ஒலியால் செய்கிறோம். சாவி திரும்பும் ஓசை, பால் பொங்கி வழியும் ஓசை, ஒரு குழந்தையின் சிரிப்பு. மூன்றையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் போதும். ‘புதுவீடு’ என்ற சொல்லே தேவைப்படாது.

ஒரே வட்டாரத்தில் மட்டும் தொழில் செய்யும் சொத்து முகவர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார்கள். பொதுவான விளம்பரத்தில் சிரிக்கும் குடும்பம் யாரோ ஒரு குடும்பம். ஆனால், நீங்கள் சறுக்கி விளையாடிய மைதானமும் உங்கள் அப்பா ரொட்டி பிராட்டா வாங்கி வந்த கடையும் திரையில் வந்தால், மீதிக் கதையை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள். நினைவு உங்களுடையது, நம்பிக்கை மட்டும் முகவருக்குப் போய்ச் சேருகிறது.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒரே பேட்டையைச் சுற்றி வருபவருக்கு எந்த புளோக்கில் மாலை வெயில் வாட்டும், எந்தப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படியாக இருக்கும். அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. ஆனால், நம் நெஞ்சைத் தொடும் படங்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. அவை பெரும்பாலும் பழைய இடங்களின் படங்கள்.

அந்த டிராகன் மைதானம் 1979ல் அமைக்கப்பட்டது. அந்தக் காலத்து வீவக வீடுகளின் 99 ஆண்டுக் குத்தகை ஏறக்குறைய பாதி கரைந்துவிட்டது. 1976ல் குத்தகை தொடங்கிய வீட்டுக்கு 2026ல் மீதி 49 ஆண்டுகள்தான். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேமநிதிப் பணத்தை முழு அளவில் பயன்படுத்தலாம் என்ற விதி 2019 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ளது. வீவக கடனுக்கும் இதே கணக்குதான்.

என் தோழியும் அவர் கணவரும் அப்படியொரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் தோ பாயோவில் வீடு தேடத் தொடங்கினார்கள். தோழிக்கு 29 வயது. அவருக்கு 66 ஆண்டுக் குத்தகை தேவை. பிடித்த வீட்டில் இருந்தது 50க்கும் குறைவு. சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறைந்தது, கைக்காசு கூடுதலாகத் தேவைப்பட்டது. இருபது ஆண்டு கழித்து யாருக்கு விற்பது என்ற கேள்வியும் வந்தது. கடைசியில் பக்கத்துப் பேட்டையில் புதிய வீடு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். “அந்த மைதானத்துக்குப் பிள்ளையை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனால் போச்சு,” என்றார் தோழி.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒரு புளோக்கில் இந்தியர், இதர இனத்தவருக்கான வரம்பு 15 விழுக்காடு, அக்கம்பக்க அளவில் 12 விழுக்காடு. வரம்பு நிரம்பிய இடத்தில் சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை நாம் வாங்க முடியாது. நாம் விற்கும்போது சீனருக்கான வரம்பு நிரம்பியிருந்தால் சீனருக்கு விற்க முடியாது. கோயில் கோபுரம் தெரியும் சன்னலைக் காட்டும் படம், இந்த வரம்பைக் காட்டாது. வீவக இணையத்தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இந்த விவரம் புதுப்பிக்கப்படுகிறது. வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

படம் எடுக்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. அகலக்கோண லென்ஸ் வைத்து, கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்தால் சிறிய கூடமும் விசாலமாகத் தெரியும். சதுர மீட்டர் கணக்கைக் கேட்டு, உங்கள் இப்போதைய வீட்டோடு ஒப்பிடுங்கள். கட்டிலும் அலமாரியும் எங்கே வரும் என்று அளவு நாடாவால் அளந்து பாருங்கள்.

வானொலிக்காரர் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். காணொளியை இரண்டாவது முறை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். பியானோ போனபின் என்ன மிஞ்சுகிறது? முகவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா? சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான சிஇஏயின் பதிவேட்டில் அந்த எண்ணை யாரும் சரிபார்க்கலாம். இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்வது நல்லது. 1,000 வெள்ளி வரை முன்பணம் கொடுத்துவிட்டால் யோசிக்க 21 நாள்தான். பின்வாங்கினால் அந்தப் பணம் திரும்பாது.

இத்துறையில் இருக்கும் இளம் தமிழ் முகவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டியும் பேத்தியும் நடக்கும் அதே காட்சியில், குத்தகை தொடங்கிய ஆண்டையும் மீதமுள்ள ஆண்டுகளையும் எழுத்தில் போடுங்கள். சிலர் விலகிப் போவார்கள்தான். ஆனால், அழைப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அழைப்பார். இருபத்தைந்து ஆண்டு கடன் கட்டப்போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.