விற்பதா, வைத்திருப்பதா? – 11: பீரோவுக்குள் ஓடாமல் கிடக்கும் வாட்ச்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் இருபது கிலோமீட்டர் வந்தால் வேடசந்தூர். குடகனாறு ஓடுகிற ஊர். 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுற்றிலும் நூல் மில்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் எந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு என்று பெண்களே கணக்குச் சொல்லிவிடுவார்கள். ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை பவுன், எது 916, எது பழைய தங்கம், எது பேங்க்கில் அடகில் இருக்கிறது என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கும். அதே பீரோவின் உள்ளறையில் கைக்குட்டையில் சுருட்டிய ஒரு வாட்சும் கிடக்கும். அதைப் பற்றிக் கேட்டால், “அது தாத்தாவோடது, ஃபாரின் வாட்ச்” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பவுனுக்குத் தினமும் காலையில் விலை வந்துவிடுகிறது. வாட்சுக்கு அப்படி எதுவும் இல்லை. நகைக்கடன் கவுன்ட்டரில் அதை நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஆகவே ஒரு கல்யாணமோ காலேஜ் பீஸோ வந்து நெருக்கும்போதுதான் அது நினைவுக்கு வரும். “அதை வித்துட்டா என்னண்ணே?” என்று தம்பி கேட்பார். “அப்பா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான்டா” என்பார் அண்ணன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கையில் இருப்பது என்னவென்று இருவருக்கும் தெரியாது. இந்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம்.

மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது இந்தப் பக்கத்துச் சீரில் வெகுநாளாக இருக்கும் வழக்கம். பெரும்பாலான வீடுகளில் அது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் பொதுத்துறை ஆரம்பித்த தொழிற்சாலை அது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. வசதியானவர்களின் கையில் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் வாட்சுகள் இருந்தன. ஃபேவர் லூபா 1865-லேயே இந்தியாவுக்கு வந்த பெயர். அந்தப் பெயரையே 2011-ல் வாங்கியது டைட்டன். தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் கைகோத்து 1984-ல் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்த அதே டைட்டன்தான். சில வருடங்கள் வைத்திருந்துவிட்டு அதுவும் அந்தப் பெயரை விற்றுவிட்டது.

முதல் தவறு நடக்கும் இடம் நகைக்கடைத் தராசு. மஞ்சளாக மின்னுகிறதே என்று வாட்சைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தால், கடைக்காரர் இயந்திரத்தைக் கழித்து, கூட்டை மட்டும் எடை போட்டு உருக்கு விலை சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தொழில் தங்கம். சுவிஸ் தங்க வாட்சுகள் பெரும்பாலும் 18 காரட், அதாவது முக்கால் பங்குதான் தங்கம். கூடும் மெல்லியது, எடை நிற்காது. நல்ல கம்பெனி வாட்சாக இருந்தால், ஓடும் வாட்சாக அதற்குக் கிடைக்கும் விலை வேறு, உருக்கினால் கிடைப்பது வேறு.

ஆகவே முதலில் வெளிச்சத்தில் வைத்துப் பின்மூடியையும், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் உள்பக்கத்தையும் லென்ஸால் பார்க்க வேண்டும். ‘20 மைக்ரான்’ என்று பொறித்திருந்தால் அது முலாம். 750 என்றோ 18 கே என்றோ இருந்தால் தங்கம். பழைய சுவிஸ் 18 காரட் கூட்டில் கடுகு அளவுக்கு ஒரு பெண்ணின் தலை முத்திரை இருக்கும். 1995-க்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு நாயின் தலை வந்தது. ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமலே எத்தனையோ வீடுகளில் முலாம் வாட்சைத் தங்கம் என்றும், தங்க வாட்சை முலாம் என்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தவறு இன்னும் வருத்தம் தருவது. விற்கப் போகிறோம், கொஞ்சம் அழகாக்கித் தருவோம் என்று கூட்டைப் பாலிஷ் போடுவார்கள், மங்கிய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். சேகரிப்பவர்கள் வெறுக்கிற இரண்டு காரியம் இவைதான். பழுப்பேறிய டயல் பிறந்தபடியே இருந்தால் அதற்குத்தான் விலை. மறுபெயின்ட் அடித்த டயலில் எழுத்து தடித்து, கோணலாகி, சுவிஸ் தயாரிப்பு என்று அடியில் இருக்கவேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும். பழகிய கண் உடனே பிடித்துவிடும். இன்னொன்று, இருட்டில் மினுங்கும் மிகப் பழைய வாட்சுகளின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். வீட்டில் திறந்து சுரண்டவே கூடாது. அந்தத் தூள் உடம்புக்குள் போனால் கெடுதல்.

கையில் இருப்பது நிஜமாகவே பெரிய வாட்ச் என்றால்?

அமெரிக்காவில் நடந்த இரண்டு கதைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தாய்லாந்தில் பணியிலிருந்த அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவர் 1974-ல் 345 டாலர் 97 சென்டுக்கு ஒரு ரோலக்ஸ் டேடோனா வாங்கினார். கட்ட மனசு வரவில்லை. பெட்டி, ரசீது, கியாரண்டி அட்டை எல்லாவற்றோடும் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டார். பழம்பொருள்களை மதிப்பிடும் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் அதைக் கொண்டுபோனார். 2020 ஜனவரியில் அது ஒளிபரப்பானது. நிபுணர் விலையைச் சொல்லத் தொடங்கியதுமே மனிதர் அப்படியே மல்லாந்து விழுந்துவிட்டார். ஐந்து லட்சம் முதல் ஏழு லட்சம் டாலர் வரை போகும் என்று முடித்தார் நிபுணர்.

மற்றது நடிகர் பால் நியூமேனின் டேடோனா. கார் பந்தயப் பித்தரான கணவருக்கு, கவனமாக ஓட்டு என்ற பொருளில் பின்மூடியில் பொறித்து மனைவி ஜோன் வுட்வர்ட் கொடுத்தது. தினமும் கட்டித் தேய்த்த வாட்ச். 1984-ல் மகளின் நண்பர் ஜேம்ஸ் காக்ஸிடம் நியூமேன் மணி கேட்டார். தன்னிடம் வாட்ச் இல்லை என்றார் காக்ஸ். தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார் நியூமேன். காக்ஸும் அதைக் கட்டிக்கொண்டே திரிந்தார். 2017 அக்டோபர் 26-ல் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அது ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 115 கோடி ரூபாய். ஒரு பகுதி நியூமேன் மகளின் அறக்கட்டளைக்குப் போனது. இத்தனைக்கும் அது தங்கம்கூட இல்லை, ஸ்டீல்.

ஒன்று தொடாமல் வைத்ததால் மதிப்புப் பெற்றது. இன்னொன்று கட்டியவரின் பெயரால் விலை போனது. நம் வீட்டு வாட்சுக்குப் பெட்டியும் ரசீதும் பெரும்பாலும் இருக்காது. உலகமறிந்த பெயரும் இருக்காது. அதனால் வைத்திருந்தாலே விலை ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் லாக்கர் வாடகை கட்டுவது நல்ல கணக்கு ஆகாது. புது மாடல்களின் விலையும் ஏறிக்கொண்டே போவதில்லை. 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன செகண்ட் ஹேண்ட் ரோலக்ஸ், படேக் பிலிப் சந்தை அந்த வருடமே சரியத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி சுவிஸ் வாட்சுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. சமீபத்தில் வாங்கிய வாட்சை முதலீடு என்று நினைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பணத்துக்கு அப்பாற்பட்ட ஒரு வாட்சின் கதையும் உண்டு. 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைத் துறந்த காந்தி, இடுப்பு வாட்சைத் துறக்கவில்லை. அவருடைய ஜெனித் பாக்கெட் வாட்ச், பேரன் முறையான கனுவின் மனைவி ஆபாவிடம் போய், பிறகு கைமாறி, ஜேம்ஸ் ஓடிஸ் என்ற அமெரிக்கரிடம் சேர்ந்தது. கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு அதை ஆன்டிகோரம் ஏல நிறுவனத்திடம் அவர் ஒப்படைத்தார். இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியது. ஏழைகளுக்கான செலவை இந்திய அரசு உயர்த்தினால் திரும்பப் பெறுவதாகச் சொன்னார், அரசு ஏற்கவில்லை. 2009 மார்ச் 5, ஏலத்தன்றே மனம் மாறி, விற்க வேண்டாம் என்றார். பொருள் கையைவிட்டுப் போயிருந்தது, ஏலம் நடந்தது. 18 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையா எடுத்தார். மனசைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒப்படைப்பதற்கு முன்னால்தான். பத்தாயிரம் ரூபாய் வாட்சானாலும் இது பொருந்தும்.

வைத்திருப்பதென்றால் அதற்கும் வேலை இருக்கிறது. உள்ளே பல் சக்கரங்களுக்கு விட்ட எண்ணெய் காலப்போக்கில் காய்ந்து பசையாகும். ஓடவிடாமல் போட்டாலும் காயும். பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். பெரிய கம்பெனி வாட்சென்றால் அந்தச் செலவு ஆயிரங்களில் நிற்காது. அண்ணன் சொல்லும் ஞாபகம் நிலைக்க வேண்டுமானால் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டு, யாராவது அதைக் கையில் கட்டவும் வேண்டும். மகள் கட்டினாலும் சரி. ஆண்கள் வாட்சைப் பெண்கள் கட்டுவது இன்று யாருக்கும் வியப்பில்லை. கட்ட ஒரு கை இருக்கும் வீடு விற்க வேண்டியதில்லை. பத்து வருடமாக யாரும் தொடாத வாட்சை விற்று ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தால், அதில் தாத்தாவுக்கு எந்த அவமரியாதையும் கிடையாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகைக்கு அந்தச் சலுகை கிடையாது. தங்கக் கூட்டு வாட்ச் எந்தப் பக்கம் விழும் என்பதை விற்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. பத்து லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வாட்சைக் கடையில் வாங்குகிறவரிடம் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீத வரி முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. அதை வாங்கியவர் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அண்ணனும் தம்பியும் பேசி முடிக்கிற இந்த விஷயத்தில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஆட்கள் இருக்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. அப்பாவின் வாட்சும் அதில் அடங்கும். பையன்களுக்குத்தான் வாட்ச் என்பது வழக்கம் மட்டுமே. ஒட்டன்சத்திரத்திலோ கரூரிலோ வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவுக்கும், சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அப்பா அந்த வாட்சுக்குச் சாவி கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களும் அவர்கள்தான். விலை கேட்கக் கிளம்பும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)