தொலைக்காட்சியில் ஒரு செய்தித்தாள்
டெலிடெக்ஸ்டின் தோற்றமும் மறைவும்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் இரயில் பாதையில், நிலையத்துப் பெயர்ப்பலகை இன்று ஸ்ரீ செத்தியா என்று சொன்னாலும், தமிழர் வாயில் அந்த இடம் சுங்கை வேதான். ஒரு காலத்தில் இதன் சுற்றுவட்டாரம் ரப்பர் தோட்டங்களும் ஈய லம்பங்களுமாக இருந்தது. பக்கத்தில் எழும்பி நிற்கும் சன்வே நகரின் பெயர்கூடச் சுங்கை வே என்பதன் சுருக்கமே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1970களில் இங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் அமைந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. பால் மரம் சீவிய குடும்பங்களின் பெண்மக்கள் சிலிக்கான் சில்லுகளுக்கு நடுவே ஷிப்ட் வேலை பார்க்கத் தொடங்கினர்.

அவ்விதம் வந்த சம்பளத்தில் வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 1980களிலும் 1990களிலும் வாங்கிய பெட்டிகள் பலவற்றின் ரிமோட்டில் ஒரு தனிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் படம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை, மஞ்சள், பச்சை நிறங்களில் எழுத்துகள் தோன்றும். மூன்று இலக்க எண் ஒன்றை அழுத்தினால் அதற்குரிய பக்கம் வரும். செய்தித் தலைப்புகள், பங்கு விலை, விளையாட்டு முடிவு, விமான நேரம், வானிலை ஆகியவையே இத்தகைய பக்கங்களின் வழக்கமான சரக்கு. இதற்குத்தான் டெலிடெக்ஸ்ட் என்று பெயர். அது இன்று மலேசியாவில் இல்லை. இணையம் வந்தது, இது போயிற்று என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவது வழக்கம். தமிழ் வாசகரைப் பொறுத்தவரையில் கதை அவ்வளவு எளிதானதன்று.

முதலில் இதன் இயக்கம். பழைய முறைத் தொலைக்காட்சிப் படம் 625 கோடுகளால் ஆனது. படக்குழாயின் எலெக்ட்ரான் கதிர் திரையின் அடிப்பாகத்தை எட்டியதும் மறுபடி உச்சிக்குத் தாவ வேண்டும். அந்தச் சிறு இடைவேளைக்காக ஏறத்தாழ 50 கோடுகள் படமின்றி வெறுமையாக விடப்பட்டிருந்தன. இந்த வெற்றுக் கோடுகளில் சிலவற்றை எடுத்து, எழுத்துகளைச் சங்கேதமாக்கி அனுப்பினால் என்ன என்பதே இதைக் கண்டவர்களின் யோசனை. பெட்டி பழுதாகிப் படம் சற்றே கீழிறங்கும்போது மேல் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் துடிப்பதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அது பழுதன்று, அன்றைய செய்திதான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது!

ஒரு பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 40 எழுத்து. ஒரு வெற்றுக் கோடு ஒரு வரியைச் சுமக்கும். விநாடிக்கு 50 தடவை திரை வருடப்படுவதால், தடவைக்கு இரண்டு கோடுகளைப் பயன்படுத்தினால் விநாடிக்கு 100 வரி, அஃதாவது ஏறக்குறைய நான்கு பக்கம். நூறு பக்கங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவர 25 விநாடி. கோயில் தேர் நம் வாசலுக்கு வரும்வரை காத்திருப்பதைப் போலக் கேட்ட பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பயனரிடமிருந்து நிலையத்துக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. எல்லாப் பக்கங்களும் எல்லா வீடுகளின் மேலும் எந்நேரமும் பொழிந்துகொண்டே இருக்கும். அவரவர் பெட்டி தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பேர் படித்தாலும் பத்து இலட்சம் பேர் படித்தாலும் நிலையத்துக்குச் செலவு ஒன்றே. படித்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

இதை முதன்முதல் ஒழுங்கான பொதுச் சேவையாக நடத்தியது பிரிட்டனின் பி.பி.சி. 'சீஃபாக்ஸ்' என்ற பெயரில் 1974 செப்டம்பர் 23இல் அது தொடங்கியபோது பக்கங்கள் சுமார் 30. ஆசிரியர் காலின் மக்கின்டயர் தொடக்கத்தில் ஏறத்தாழத் தனியாளாகவே அவற்றை எழுதினார். காது கேளாதோருக்குப் படத்தின் அடியில் வசனம் காட்டவும் இதே கோடுகள் பயன்பட்டன. பிறகு ஐரோப்பா எங்கும் இம்முறை பரவியது. இந்தியாவில் தூர்தர்ஷன் 1985இல் டில்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற சேவையைத் தொடங்கியது. ஆனால் அதைப் படிக்கும் உறுப்புள்ள பெட்டிகள் அங்கே அரிதாக இருந்தமையால் பெரும்பாலோர் அப்படி ஒன்று உண்டென்றே அறியவில்லை. சிங்கப்பூரிலும் 1980களில் இது வேரூன்றியது. மலேசியாவில் அங்காசாபுரியிலிருந்து ஒளிபரப்பும் ஆர்.டி.எம். 'பெரிதெக்ஸ்' என்ற பெயரிலும், தனியார் நிலையமான டிவி3 'இன்ஃபோநெட்' என்ற பெயரிலும் நடத்தின. 'பெரித்தா' என்னும் செய்தியும் 'தெக்ஸ்' என்னும் எழுத்தும் சேர்ந்தது பெரிதெக்ஸ்.

பெயர்கள் மலாய். பக்கங்கள் மலாய், ஆங்கிலம். சுங்கை வேயில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த தாய் அந்தப் பக்கத்தில் உள்ளதை அறிய வேண்டுமானால், பள்ளிக்குப் போகும் பிள்ளை படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். ஆர்.டி.எம். வானொலியில் தமிழ் ஒலித்தது. தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிக்கப்பட்டது. தமிழ்ப் படமும் ஓடியது. எழுத்தாக வந்த இந்தச் சேவையில் மட்டும் தமிழுக்கு இடமில்லை. இதற்கு நிலையத்தாரின் அலட்சியம் மட்டுமே காரணம் என்று எண்ணுவது முழு உண்மையாகாது. காரணத்தின் பெரும்பகுதி பெட்டிக்குள் இருந்த ஒரு சில்லில் ஒளிந்திருந்தது.

நிலையம் எழுத்தின் உருவத்தை அனுப்புவதில்லை. அதன் எண்ணை மட்டுமே அனுப்பும். 65 என்ற எண் வந்தால் எந்த உருவத்தைத் திரையில் வரைவது என்பது தொழிற்சாலையிலேயே சில்லுக்குள் பொறிக்கப்பட்டுவிட்டது. பிரிட்டனின் மல்லார்டு நிறுவனம் செய்த எஸ்.ஏ.ஏ.5050 என்ற சில்லு இதற்குப் பெயர் பெற்றது. ஆங்கிலத்துக்கு ஒன்று என்றால், ஜெர்மன், ஸ்வீடிஷ், இத்தாலியன், ஹீப்ரு, ரஷ்ய எழுத்து ஆகியவற்றுக்கு அதே வரிசையில் வேறு வேறு சில்லுகள் வந்தன. தமிழுக்கு வரவில்லை. ஒருமுறை பொறித்த சில்லைப் பிறகு மாற்ற முடியாது. பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, தமிழுக்கு ஒரு சில்லு செய்திருக்க முடியாதா? கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கடம் விளங்கும். சில்லில் 96 உருவங்களுக்கு இடம் உண்டு. தமிழ் எழுத்து 247 என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியே பிரித்து வைத்துச் சிக்கனம் செய்வோம் என்றால், உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளியிட்ட மெய் 18, ஆக 49. கு, கூ, சு, சூ போன்றவை ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைவதால் அவற்றைப் பிரிக்க இயலாது, அவை 36. மேலும் கால், கொம்பு முதலிய குறிகள் 7. கூட்டினால் 92. மிச்சம் நான்கே இடம். பத்து இலக்கங்களை எங்கே வைப்பது? பங்கு விலையை எண்ணில்லாமல் எப்படிச் சொல்வது? ஷா ஆலம் என்றோ பெட்டாலிங் ஜெயா என்றோ எழுத ஷகரமும் ஜகரமும் வேண்டுமே!

தட்டெழுத்து யந்திரம் இதைவிடக் குறைந்த விசைகளில் சமாளிக்கவில்லையா என்று கேட்கலாம். இலங்கையில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் பல்லாண்டு பணியாற்றிய ஆர். முத்தையா, 1930களில் தமிழ்த் தட்டெழுத்து யந்திரத்தை உருவாக்கிப் புகழ் பெற்றவர். தட்டினாலும் காகிதம் நகராத விசைகளே அங்கே கைகொடுத்தன. புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே எழுத்தை அடிக்கலாம். டெலிடெக்ஸ்டில் அந்த வித்தை பலிக்காது. ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம். கட்டத்தின் மேல் கட்டம் ஏறாது.

இடத்தை எப்படியோ ஒழித்துக்கொண்டாலும் அடுத்த இடைஞ்சல் காத்திருந்தது. எஸ்.ஏ.ஏ.5050 சில்லில் ஓர் எழுத்தின் மூல உருவம் அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் ஒன்பது புள்ளி. ரோமன் எழுத்துக்கு இது தாராளம். தமிழின் ணகரத்தை ஐந்து புள்ளி அகலத்தில் வரைந்து பார்த்தால் அதன் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, னகரத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது போகும். மனம் எது, மணம் எது என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கும். கட்டத்தை ஆறு சதுரங்களாகப் பிரித்துப் படம் வரையும் வசதி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு தமிழைப் படமாகத் தீட்டலாம். ஆனால் ஒரு வரிக்கு எட்டு, பத்து எழுத்துக்கு மேல் அடங்காது. ஒரு தலைப்புக்கு ஆகும், செய்திக்கு ஆகாது. இரண்டு எழுத்துத் தொகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும் வழியும், புதிய உருவங்களை ஒளிபரப்பிலேயே அனுப்பும் வழியும் பின்னாளில் விதிகளில் சேர்ந்தன என்பது உண்மை. அவற்றுக்கு ஏற்ற பெட்டியைத் தமிழ் வாசகர்களுக்காக யார் செய்வார்? சில்லு என்பது இலட்சக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும் சரக்கு.

கணினியில் நிலைமை தலைகீழ். அங்கே எழுத்தின் உருவம் சில்லில் பொறிக்கப்பட்டதன்று, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் ஒரு கோப்பு. ஆகவே பெருந்தொழிற்சாலையின் தயவின்றித் தனிமனிதர் முயற்சியே போதுமானதாயிற்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல், பெரிதெக்ஸ் காலத்திலேயே, 'முரசு' என்ற தமிழ் எழுத்துச் செயலியை உருவாக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி முயற்சியால் 1995இல் தமிழ் இணையத்தில் ஏறியது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. 2005இல் 'செல்லினம்' கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 25 ஆண்டுகளில் டெலிடெக்ஸ்ட் செய்யாததை இணையம் பத்தாண்டில் செய்துவிட்டது என்றால் மிகையில்லை.

இதற்கிடையே டெலிடெக்ஸ்ட் தளர்ந்தது. மலேசியாவில் ஜாரிங், பிறகு 1996 முதல் டி.எம்.நெட் என்று இணையம் வீடுகளுக்குள் நுழைந்தது. 24 வரிக்குள் அடங்கிய செய்திக்குப் பதிலாக முழுக் கட்டுரையும் படமும் கிடைத்தன. விளம்பரக்காரர் பணம் அங்கே போயிற்று. கடைசி அடி எண்முறை ஒளிபரப்பு. புதிய முறையில் வெற்றுக் கோடுகளே கிடையா. டெலிடெக்ஸ்டைத் தனித் தொடராகச் சேர்த்து அனுப்ப வழி இருந்தும், பல நிலையங்கள் அந்தச் சிரமத்தை ஏற்கவில்லை. பிரிட்டனில் 2012 அக்டோபர் 23 இரவு, வட அயர்லாந்தின் பழைய ஒளிபரப்பு நின்றபோது சீஃபாக்ஸும் அடங்கியது. சிங்கப்பூர் மீடியாகார்ப் 2013 செப்டம்பர் 30இல் தன் சேவையை மூடியது. மலேசியாவில் பழைய முறை ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31இல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. எழுத்துப் பக்கங்கள் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டன. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழும் அதே 2019இன் தொடக்கத்தில்தான் நின்றது. அந்த இழப்புக்கு வருந்தியவர் பலர். டெலிடெக்ஸ்டுக்காக வருந்தத் தமிழருக்குக் காரணமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று உலகமே செய்தி தேடி ஓடியபோது பெரிய செய்தித் தளங்கள் பல கூட்டம் தாங்காமல் திணறின. டெலிடெக்ஸ்டுக்குக் கூட்டம் என்பதே கிடையாது. அதைப் படிக்க மாதச் சந்தா இல்லை. நேற்று என்ன படித்தீர் என்று நினைவில் வைத்து இன்று அதற்கேற்பச் செய்தியைத் திருத்தித் தருவதும் இல்லை. கிள்ளானில் இருப்பவரும் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவரும் 100ஆம் பக்கத்தைத் திறந்தால் ஒரே எழுத்தைத்தான் கண்டனர். 24 வரிக்குள் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எழுதுபவரையும் அடக்கி வைத்தது. இன்று சுங்கை வே அடுக்குமாடியில் தாயின் கைப்பேசிக்கு வரும் தமிழ்ச் செய்தி எங்கே பிறந்தது, யார் எழுதியது என்று பெரும்பாலும் தெரிவதில்லை. பிள்ளை படித்துச் சொன்ன காலத்தில் செய்தி தாமதமாக வந்தது. ஆனால் அதன் மூலம் எதுவென்று இருவருக்கும் தெரிந்திருந்தது. எழுத்து கிடைத்தபோது அந்த ஒழுங்கு கைநழுவியது. ஒழுங்கு இருந்தபோது எழுத்து கிடைக்கவில்லை. இரண்டையும் ஒருசேர அனுபவிக்கும் வாய்ப்பு தமிழ் வாசகருக்கு வாய்க்கவே இல்லை.

எல்லா நாடுகளும் இதைக் கைவிட்டுவிடவில்லை. நெதர்லாந்தில் என்.ஓ.எஸ். என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம் 1980இல் தொடங்கிய டெலிடெக்ஸ்டை இன்னும் நடத்திவருகிறது. அதையே கைப்பேசிச் செயலியாகவும் வைத்திருக்கிறது. அதே கறுப்புத் திரை, அதே மூன்று இலக்க எண், அதே சுருக்கம். எழுத்து மட்டும் இப்போது தொலைக்காட்சிச் சில்லிலிருந்து வருவதில்லை. ஆகவே அதே அமைப்பில் ஒரு தமிழ்ப் பக்கம் எழுத இன்று தடையேதும் கிடையாது. னகரத்துக்கும் ணகரத்துக்கும் போதிய புள்ளிகள் உண்டு, இலக்கங்களுக்கும் ஷகர ஜகரங்களுக்கும் இடமுண்டு. நாள்தோறும் அந்த 24 வரியைப் பொறுப்பேற்று எழுதி வெளியிட ஒரு நிலையம் முன்வர வேண்டும், அவ்வளவுதான்.