கொள்ளிடம் தாண்டினால் குட்டித் தீவுகள்!

தீவு பார்க்க அந்தமானுக்கா டிக்கெட் எடுக்கணும்? திருப்பனந்தாளிலிருந்து கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம் போங்கள். அங்கிருந்து சுமார் 15 கி.மீ.யில் பிச்சாவரம், தீவு தீவாகச் சுரபுன்னைக் காடு! தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. துடுப்புப் படகே போதும். குறுகிய கால்வாய்க்குள் அதுதான் நுழையும்.

வெயில் ஏறுமுன் படகில் ஏறிவிடுங்கள். சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது! குழந்தைகள்தான் முதலில் துவண்டு போவார்கள். குடிநீரும் நீர்மோரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் காசும் மிச்சம். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து அடிக்கடி கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. குழந்தை மயங்கிச் சோர்ந்தால் உடனே டாக்டர்தான்.

கடற்கரையில் கூடாரம் போடும் ஆசையா? அனுமதி உண்டா என்று உள்ளூர்ப் போலீஸில் கேட்காமல் வேண்டாம். ராத்திரியில் கடலில் இறங்கவே கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும்தான்.