பத்து முட்டை வேண்டுமாம் பிள்ளைக்கு!

"அம்மா, நாளையிலேருந்து எனக்குத் தினம் பத்து முட்டை வேணும். சோறு வேண்டாம். சோறு தின்னா தொப்பைதான் போடும்!"

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மூத்த பிள்ளை ஒருநாள் ராத்திரி இப்படி அறிவித்தான். ஜிம்மில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அங்கே யாரோ ஓர் அண்ணன் சொன்னாராம்.

"பத்து முட்டைன்னா மாசத்துக்கு முந்நூறுடா! நாலு பேர் இருக்கிற வீடு இது."

"அப்போ பவுடர் டப்பா வாங்கிக் கொடு."

டப்பாவின் விலையைக் கேட்டேன். எங்கள் ஒரு மாத மளிகையில் பாதி! கடைசியில் ஆறு முட்டைக்குச் சமாதானம் ஆனான். என் பங்கு முட்டையும், நான் குடிக்கும் பாலும் சத்தமில்லாமல் அவன் தட்டுக்குப் போயின. நாம் எல்லாரும் செய்வதுதானே!

மூன்று வாரம் போயிற்று. சதை போடவில்லை. ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தான்! எப்போதும் களைப்பு, சிடுசிடுப்பு. பயந்துபோய் எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவன் சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஏம்ப்பா, வீடு கட்டச் செங்கல்லை லாரி லாரியா இறக்கிட்டே. கொத்தனாருக்குக் கூலி யார் கொடுக்கிறது? முட்டை செங்கல், சோறுதான் கூலி. கூலி இல்லைன்னா உடம்பு செங்கல்லையே அடுப்பிலே போட்டு எரிச்சுடும்!"

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட வேண்டும்?

சதை வளர முதல் தேவை, பளு தூக்குவது போன்ற பயிற்சி. பயிற்சி இல்லாமல் எவ்வளவு தின்றாலும் அது கொழுப்பாகத்தான் போய்ச் சேரும். பயிற்சி செய்கிறவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி போதும். 300 கலோரி என்றால் மலைத்துப் போகாதீர்கள். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு சின்னப் பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க, வாரம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் நல்லது. இரண்டு வாரமாக எடை அசையவில்லையா? இன்னும் ஒரு தோசையோ, ஒரு கரண்டி சாதமோ கூட்டுங்கள். இடுப்புச் சுற்றளவு மட்டும் ஏறுகிறதா? கொஞ்சம் குறையுங்கள்.

புரதக் கணக்கு

சாதாரணமாக ஒருவருக்கு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கு. பளு தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு அது கிலோவுக்கு 1.6 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. என் பிள்ளையின் எடை 60 கிலோ. ஆக, 96 கிராம்.

ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. இதற்குப் பத்து முட்டை எதற்கு? அவனுக்கு இப்போது நான் கொடுப்பது இதுதான்:

காலை: இட்லி 4, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், அவித்த முட்டை 2 - 25 கிராம்.

பதினொரு மணி: வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி - 7 கிராம்.

மதியம்: வயிறு நிறையச் சாதம், பருப்பு, காய், ஒரு கிண்ணம் தயிர் - 23 கிராம்.

மாலை: கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் - 10 கிராம்.

இரவு: சப்பாத்தி 3, மீனோ கோழியோ 100 கிராம் - 29 கிராம். சைவ வீடுகளில் 40 கிராம் சோயா உருண்டை போட்டுக் குழம்பு வைத்தால் இதே அளவு வரும்.

படுக்கும் முன்: பால் ஒரு டம்ளர் - 6 கிராம்.

கூட்டிப் பாருங்கள், 100 கிராம் ஆகிறது! ஒரே வேளையில் கொட்டாமல் இப்படிப் பிரித்துக் கொடுப்பது நல்லது. சோற்றையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடுவதிலும் விஷயம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவது பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது.

பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் வீரம் வேண்டாம். அதன் புரதத்தில் பாதியளவே உடம்பில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். கிருமி பயமும் இல்லை.

பவுடர் வேண்டுமா?

சதை போடுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிட வேண்டாம் என்றே அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அந்தக் காசுக்குப் பருப்பும் பாலும் வாங்கலாம். "சீக்கிரம் உடம்பு ஏறும்" என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பிள்ளையைக் கண்டிப்பாகத் தடுத்து விடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

அம்மாவின் தட்டு

எழுந்து கிளம்பும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சரி, நீங்க என்ன சாப்பிடறீங்க?"

யோசித்துச் சொன்னேன். காலையில் காபி. எல்லாரும் போனபின் மிஞ்சிய இட்லி இரண்டு. மதியம் ரசம் சாதம். ராத்திரி மோர் சாதம்.

"தரையிலே உட்கார்ந்தா கையை ஊன்றாம எழுந்திருக்க முடியுதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்துகொண்டிருந்தேன். வயசாகிறது என்று நினைத்திருந்தேன்.

முப்பதைத் தாண்டியதிலிருந்தே சதை மெல்ல மெல்லக் கரைகிறதாம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தினம் 46 கிராம் புரதமாவது வேண்டும். பயிற்சி செய்தால் அதைவிடக் கூடுதலாகக் கொள்ளலாம். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்துக்கு மேல் 17 கிராம் புரதமும் 600 கலோரியும் தேவை. ரசத்திலும் மோரிலும் இது எங்கே வரும்?

இப்போது சாம்பாரின் அடியில் இருக்கும் பருப்பை எனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறேன். மாலைச் சுண்டலில் எனக்கும் ஒரு கிண்ணம். காலையும் மாலையும் நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுகிறேன். முதல் வாரம் நாலு தடவைக்கே தொடை நடுங்கியது!

நாலு மாதத்தில் பிள்ளை மூன்றரைக் கிலோ ஏறியிருக்கிறான். நான் சுவரைப் பிடிக்காமல் எழுகிறேன். போன வாரம் அவனே முட்டை அவித்தான். தட்டில் மூன்று இருந்தது.

"ரெண்டுதானேடா உன் கணக்கு?"

"மூணாவது உனக்கும்மா. சூடா இருக்கும்போதே சாப்பிடு."