கால் சூப்பில் இல்லாத அமிலம்

முட்டி வலிக்கிறதா? சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டுக்கால் வாங்கி சூப் வை என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். வசதி உள்ளவர்கள் மருந்துக்கடையில் கொலாஜன் பொடி வாங்குகிறார்கள். விலைதான் வேறு, இரண்டிலும் இருப்பது கொலாஜன்தான்.

தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் அது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று அதன் அமைப்பை 1954இல் உலகுக்குச் சொன்னது சென்னையில் நடந்த ஆய்வு. இழைகள் இறுக முறுக்கிக்கொள்ள, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. மற்றவை அந்த இடுக்கில் நுழையாது.

வலுவான கயிறுதான், ஆனால் சாப்பாடாகப் பார்த்தால் குறையுள்ளது. நம் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 9ஐ உடலால் செய்துகொள்ள முடியாது, உணவில் வரவேண்டும். அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோஃபன் கொலாஜனில் கிடையாது. தவிர, குடித்த சூப் நேராக முட்டிக்குப் போவதில்லை. குடல் அதை அமினோ அமிலங்களாகவும் குட்டித் துண்டுகளாகவும் உடைத்துவிடும். பொடியால் வலி குறைந்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு, இருக்கட்டும்.

தோசை இதைவிடக் கெட்டிக்காரத்தனமான உணவு. அந்த ஒன்பதில் இன்னொன்றான லைசின் அரிசியில் குறைவு, உளுந்தில் அது தாராளம். அதே ஒன்பதில் வரும், உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது.

தரம் ஒருபுறம் இருக்கட்டும், என் கவலை புரதத்தின் அளவைப் பற்றியது. சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 55 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளைக்கு 66 கிராம். காலையில் கோப்பியும் பிஸ்கட்டும், இரவில் சட்னியோடு இரண்டு தோசை என்றால் அதில் கால்வாசி தேறுவதே கஷ்டம். கொழுப்பைப்போல அமினோ அமிலத்தைச் சேமித்துவைக்க உடலில் தனி இடம் இல்லை. பற்றாக்குறை வந்தால் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தொடை மெலியும், நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டிவரும். வயசாச்சு என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மீன், பருப்பு, சோயாவில் செய்த தௌகுவா எல்லாம் தேக்காவிலேயே கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். மற்றவர்கள் இன்று இரவே முட்டைத் தோசை சொல்லலாம்.